இருபது நிமிடத்தில் ஒரு நல்ல பிள்ளை

பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய நாடகத் தொடரின் முதல் மூன்று அத்தியாயங்களைக் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து படித்து முடித்தேன். வசனங்களைப் பற்றி அம்மா தொலைபேசியில் விரிவாகவே சொல்லிவிட்டாள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, ஒவ்வொரு பாத்திரமும் முதன்முதலாக வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் நீ எழுதியிருக்கும் வரிகளைப் பற்றி. அவற்றில் பாதிக்கு மேல் தலைமுடியைப் பற்றியவை. அது என் தொழில் என்பதால், எழுத்தாளரிடம் குறுக்கே பேச இந்த ஓர் இடத்திலாவது எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உன் வில்லனுக்குத் தோளைத் தொடும் முடி, அதில் ஒரு கொத்துக்கு மட்டும் செம்பட்டைச் சாயம், காதில் கடுக்கன். நாயகிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல், அதில் எந்நேரமும் மல்லிகைச் சரம். அவளை வதைக்கும் சூப்பர்வைசர் அம்மாளுக்குக் கழுத்தளவில் கத்தரித்த முடி, அடர்ந்த உதட்டுச் சாயம். இவர்கள் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே யாரை வெறுக்க வேண்டும், யாருக்காக அழ வேண்டும் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அரைமணி நேரத்துக்குள் ஒரு கதையைச் சொல்ல வேண்டியவர்களுக்கு அது வசதிதான். ஆனால் காலை முதல் இரவு வரை மற்றவர்களின் தலையைக் கையில் பிடித்தபடி நிற்கும் எனக்கு, இது கொஞ்சமும் நம்பும்படியாக இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நாள் மாலை ஓர் அம்மாள் தன் மகனைக் கடைக்கு அழைத்து வந்தார். பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். உன் வில்லனுக்கு நீ எழுதியிருக்கும் அதே தலை, கடுக்கன் உட்பட. "அண்ணே, நாளைக்குக் கோர்ட்டு. பார்த்தா நல்ல பிள்ளையாத் தெரியணும்," என்றார். பக்கங்களில் இரண்டாம் நம்பர் மெஷின் போட்டு, மேலே கத்தரியால் குறைத்து, இடது பக்கம் வகிடு எடுத்து, கிருதாவைக் காது நடுவில் நிறுத்தி, கழுத்தைப் பிளேடால் சுத்தம் செய்து, பவுடர் தட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. கடுக்கனை அந்த அம்மாளே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மேடையேறும் மாணவன் போல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தை அவன் செய்தானா இல்லையா என்பது அவன் கடைக்குள் நுழைந்தபோதும் எனக்குத் தெரியாது, வெளியே போனபோதும் தெரியாது. மறுநாள் காலையில் நீதிபதி பார்த்தது என் கைவேலையை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1992-ஆம் ஆண்டில், மலேசியத் தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மில் தோன்றக் கூடாது என்று தடை விதித்தார். செர்ச், விங்ஸ் குழுக்களின் பாடகர்கள் கடைசியில் ஊரறிய முடியை வெட்டிக்கொண்டார்கள். அப்போது நான் வேலை பழகிக்கொண்டிருந்த கடைக்கு, அந்தச் செய்தியைக் காட்டிக் காட்டியே தங்கள் பிள்ளைகளை இழுத்து வந்த பெற்றோர் உண்டு. முடி போன பிறகும் அந்தப் பாடகர்களின் குரல் அதே குரலாகத்தான் இருந்தது. கடைக்கு வந்த பையன்களில் சோம்பேறியாக இருந்தவன் முடி வெட்டிய சோம்பேறியாகத் திரும்பிப் போனான், கெட்டிக்காரனும் அப்படியே.

ஆகவே முடி ஒன்றுமே சொல்வதில்லை என்று நான் சொல்லவில்லை. அது நிறையச் சொல்லும். ஆனால் ஒருவனுடைய குணத்தைச் சொல்லாது, அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும். என் நாற்காலிக்கு மாதா மாதம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், மீசைக்கும் தலைக்கும் தவறாமல் சாயம் பூசுபவர், ஒரு முறை வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கிருதாவில் வேரிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதற்கு மேல் பழைய கறுப்பு. மனிதத் தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், இரண்டு மாதமாக அவர் சாயத்தைத் தொடவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. சீப்பை எடுக்கும்போது அவரே, "அவதான் பூசி விடுவா," என்றார். நல்லவர், கெட்டவர், பெருந்தன்மைக்காரர், கஞ்சன் என்று அவரைப் பற்றி அந்த வெள்ளைக் கோடு எனக்கு எதையும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எந்த மாதத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னது. எழுதுபவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் பழைய கவிஞர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கோவலன் மாதவியிடம் போன பிறகு கண்ணகியின் நிலையைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், அவளுடைய கூந்தல் நெய்யணி மறந்தது என்கிறார். எண்ணெய் காணாத தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும். பிறகு அதே கூந்தல் மதுரையில் அவிழ்ந்து கிடக்கிறது. பாண்டியனின் வாயிற்காவலன் அந்தக் கோலத்தைக் கண்டு மிரண்டு, கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று தெய்வப் பெயர்களாக அடுக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். அரசன் வேறு எத்தனை பிழை செய்திருந்தாலும், அவளை எதிரே கண்டதும், கண்ணீரோடு வந்திருக்கும் நீ யார் என்று அவளிடமே கேட்கிறான். காவலன் கேட்கவில்லை; நீ உன் வில்லனிடமும் கேட்கவில்லை.

கைகேயியை எடுத்துக்கொள். கம்பன் அவளுக்குத் தொடக்கத்திலேயே ஒரு கெட்ட முகத்தை ஒட்டவில்லை. கூனி பேசிவிட்டுப் போன பிறகு, தேனை நாடி வந்த வண்டுகள் தடுமாறும்படி, குழலில் சொருகியிருந்த மாலையைத் தன் கையாலேயே சிதைக்கிறாள். நிலவின் கறையைத் துடைப்பவளைப் போல நெற்றித் திலகத்தை அழிக்கிறாள். அதுவரை அரண்மனையில் எல்லாரும் கண்ட அதே கூந்தல்தான். அதற்கு அவள் செய்தது என்ன என்பதில் அவள் மனம் திரும்பிய திசை தெரிந்துவிடுகிறது. ஆனால் கூனிக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய முதுகே அவளுடைய குற்றம் போல ஆகிவிட்டது. கம்பனை நான் எத்தனை முறை படித்தாலும் அந்த ஓரிடத்தில் மனம் ஒப்புவதில்லை. பிறவியிலும் நோயிலும் வந்ததை ஒருவருடைய குணத்துக்குச் சாட்சியாக்கும் பழக்கம் அவ்வளவு பெரிய கவிஞனையே விடவில்லை என்றால், உன்னை நான் ஏன் அதட்டப் போகிறேன்?

பிறவியில் வந்தது என்றதும் எங்கள் கடைப் பேச்சு நினைவுக்கு வருகிறது. உச்சியில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்பார்கள். இரட்டைச் சுழிக்காரர்கள் பலருக்கு நான் முடி வெட்டுகிறேன், ஒருவரைச் சமாளிக்கவே அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். சுருட்டை முடிக்காரனுக்குச் சூதும் வாதும் அதிகம் என்பார்கள். முடி வேர்ப்பை இருக்கும் வடிவத்தால் சுருள் விழுகிறது, அதற்குள் சூது எங்கே இருந்து வரும்? வட்டமாக முடி கொட்டினால் புழுவெட்டு என்று சொல்லி, சுத்தம் இல்லாதவன் என்று நாற்காலியை மாற்றிக்கொண்டு உட்காருகிறார்கள். அங்கே புழுவும் இல்லை, அது ஒட்டிக்கொள்வதும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் முடிவேர்களைத் தாக்குவதால் வருவது. நரையைப் பற்றியும் இப்படித்தான். இத்தனை ஆண்டுகள் கடந்தும் உமக்கு நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, மனைவி மக்கள் குணத்தில் நிறைந்தவர்கள், ஏவலர் என் கருத்தறிந்தவர்கள், வேந்தன் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று பிசிராந்தையார் புறநானூற்றில் பதில் சொல்கிறார். அழகான பாட்டு, நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அவர் என் கடைக்கு வந்திருந்தால், உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் நரைத்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

இப்போது உன் நாயகிக்கு வருகிறேன். அவள் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா அங்கே வேலை பார்த்த காலத்தை நீ மறந்துவிட்டாயா? தூசி புகக் கூடாத அந்த அறைக்குள் ஒரு முடி விழுந்தாலும் பொருள் பாழாகும் என்பதால், கொண்டையை வலைக்குள் அடக்கி, அதன் மேல் முகத்திரையோடு சேர்ந்த தொப்பியை மாட்டி, கழுத்து முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். கண்கள் மட்டுமே வெளியே தெரியும். தமிழச்சி யார், மலாய்ப் பெண் யார், சீனப் பெண் யார் என்று முதல் வாரம் தெரியாமல் தவித்ததாகவும், பிறகு நடையை வைத்தே தூரத்தில் வருபவளை அடையாளம் கண்டதாகவும் அவள் சொல்வாள். உன் கதைக்கு இது மல்லிகைச் சரத்தைவிட எவ்வளவு பெரிய சரக்கு! அழகையும் குணத்தையும் காட்ட முடியே இல்லாத ஓர் இடத்தில் அந்தப் பெண்ணை நிறுத்து. சூப்பர்வைசர் அம்மாளையும் அதே அங்கிக்குள் நிறுத்து. வேலை முடிந்து தொப்பியைக் கழற்றும்போது, நெற்றியில் பட்டை பதிந்த தழும்போடு இருவரும் வெளியே வரட்டும். அதற்குப் பிறகு யார் கொடுமைக்காரி என்பதை அவர்கள் பேச்சிலும் செயலிலும்தான் நீ காட்ட வேண்டியிருக்கும், அது உனக்கு நன்றாகவே வரும்.

திரைக்கும் தெருவுக்கும் உள்ள தூரத்தை நம் மக்கள் அறியாதவர்கள் அல்லர். எம்.என். நம்பியாரைத் திரையில் கண்டு சபித்த அதே பாட்டிமார், அவர் ஆண்டுதோறும் சபரிமலைக்குக் குழுவை அழைத்துச் செல்லும் குருசாமி என்பதையும் அறிந்திருந்தார்கள். ரஜினிகாந்த் வழுக்கைத் தலையோடும் வெள்ளைத் தாடியோடும் பொது இடத்துக்கு வருகிறார். அதனால் திரையில் அவர் முடியைக் கோதும்போது கைதட்டல் குறையவில்லை. நடிகர்கள் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், எதிர்வீட்டுப் பையன் விஷயத்தில் ஏன் அந்தக் காவலனைப் போல ஓடுகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் உன் வில்லன் தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மொட்டையடித்துக்கொண்டு திருந்திவிடுகிறான். அந்த நாளில் மலையடிவாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொள்கிறார்கள். எல்லாரும் திருந்த வேண்டியவர்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடப் போகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் நீங்கியதற்காக வருபவர் உண்டு, தேர்வில் தேறியதற்காக வருபவர் உண்டு, அண்ணன் அடித்துக்கொண்டான் என்பதற்காகத் தானும் உட்காருபவன் உண்டு. மொட்டையே ஒரு கோலம்தான். பழனியில் ஒரே முருகன் ஒரே நாளில் ஆண்டிக் கோலத்திலும் ராஜ அலங்காரத்திலும் காட்சி தருகிறான். எது உண்மையான முருகன் என்று அங்கே யாரும் வழக்காடுவதில்லை.

அந்தப் பருவத்தில்தான் ஒரு பெண்மணி, கடையில் ஆள் இல்லாத பிற்பகல் நேரமாகப் பார்த்து, தன் தங்கையோடு வந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைக் காலையில் பார்க்க முடியவில்லை, மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்றார். கத்தி வேண்டாம், தோல் மென்மையாக இருக்கும், கீறினால் ஆறாது என்று சொல்லி, மெஷினால் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டேன். வெளியே போன இரண்டாம் நிமிடத்தில், பூக்கடையில் நின்ற யாரோ, "என்னம்மா, இந்த வருஷம் வேண்டுதலா?" என்று கேட்பது உள்ளே எனக்குக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "ஆமாம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதிலை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

உன் வில்லனின் மொட்டையை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவன் அதை ஏன் செய்தான் என்பதை மட்டும் உடனே சொல்லாதே. பார்ப்பவர்கள் இரண்டு அத்தியாயத்துக்குத் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

கடைசியாக ஒரு தொழில் விஷயம். அடுத்த காட்சியில் "மூன்று மாதம் கழித்து" என்று போட்டுவிட்டு, அவன் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். மூன்று மாதத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வளர்ந்திருக்கும். அந்த நீளத்தில் முடி முள்ளம்பன்றி போல நெட்டுக்குத்தாக நிற்குமே தவிர, ஒதுக்க வராது. ஓர் ஆண்டு கழித்து என்று மாற்று, அல்லது அவன் கையை வேறு எங்காவது கொண்டுபோ. விக் வைக்கலாம் என்று ஒப்பனைக்காரர் சொன்னால், நெற்றி ஓரத்தைக் கிட்டத்தில் படம் பிடிக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
அப்பா