நீ தோக்கவே இல்லடா மச்சான்

டேய் மச்சான்,

எப்படி இருக்க? தங்கச்சிக்கு முட்டி வலி பரவால்லையா? எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. நான் போன் பண்ணா நீ எடுக்கல, நீ பண்ணப்ப நான் எடுக்கல, அப்படியே போயிடுச்சு, மன்னிச்சுக்கோ. அம்மா திதிக்கு நீ வரலன்னு எனக்கு வருத்தம் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன், சொல்லிட்டேன்ல, தீந்துச்சு. இப்ப எழுதறது வேற விஷயம், ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

போன ஞாயித்துக்கெழம அக்கா பேரன் என்னை இருங்காட்டுக்கோட்டைக்கு இழுத்துட்டுப் போனான், டிராக் (drag) ரேஸ் பாக்க, அதான் ரெண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துல நேர்கோட்டுல பாயுமே, அது. பாக்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான், அங்க போனா அவனே ஓட்டறான்டா! அதுவும் நம்ம யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்க. அவன் பொறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, 1996லயே கம்பெனி நிறுத்தின வண்டி. எங்கயோ தேடிப் புடிச்சு, இன்ஜின் போர்ட்டெல்லாம் அரம் போட்டுத் தேச்சு, சைலன்ஸருக்குப் பதிலா ஒரு எக்ஸ்பான்ஷன் சேம்பர் வெல்டு அடிச்சு வச்சிருக்கான். கிக்கர அடிச்சதும் அந்த ரிங்... டிங் டிங் டிங் சத்தம் வந்துச்சு பாரு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துல நீ இருந்திருக்கணும்.

அந்த நீலப் புகைல எனக்கு அப்படியே சோழவரம் வந்துடுச்சுடா. பிப்ரவரி ரேஸுக்கு மூலக்கடைல இருந்து ரெட்ஹில்ஸ் தாண்டி டபுள்ஸ், ட்ரிபிள்ஸ் அடிச்சுட்டுப் போவோமே, ரெண்டாம் உலகப் போர் டைம்ல போட்ட அந்த ரன்வே, வெய்யில்ல தகதகன்னு, கோயம்புத்தூர் கரிவர்தன் கார் வந்தா ஜனமே எழுந்து நிக்கும், சில வண்டி போனதும் ஆமணக்கெண்ணெய் காஞ்ச வாசன வருமே, வெளக்கெண்ணெய ஊத்தியா வண்டி ஓட்டறாங்கன்னு நீ கேட்ட, உண்மையிலயே அந்த ரேஸ் ஆயில் ஆமணக்குலதான் செஞ்சதுன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னப்ப நீ நம்பவே இல்ல. 1990 வாக்குல ரேஸெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிடுச்சு. எனக்கு இன்னும் ரேஸ்னா சோழவரம்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது நம்ம ரேஸ். விடியக்காலைல ஆடு மேய்க்கிறவங்க வர்றதுக்கு முன்னாடி, 20 மீட்டர் நைலான் கயிற 20 தடவ போட்டு அளந்து, செங்கல்ல கோடு கிழிச்சு, உன் ஆர்எக்ஸும் என் ஆர்எக்ஸும். டிராக் ரேஸ் தூரம் கால் மைலாம், அதுன்னா 402 மீட்டர், நம்ம 400 போட்டதும் பெரிய தப்பில்ல. நடுவுல நம்ம கூட்டாளி சோடாபுட்டி துண்டத் தூக்கிட்டு நிப்பான். ஏழு தடவ ஓட்டினோம், ஏழுலயும் நான்தான் முன்னாடி. அன்னிலேர்ந்து உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடறோம்னு உனக்கே தெரியும், உன் கல்யாணப் பந்தில கூட சொன்னேன், உன் மாமனார் என்னன்னு கேட்டாரு.

இப்ப கேளு. பையன் ஒரு ஓட்டத்துல தோத்துட்டான், பக்கத்து லேன் பையன் கோட்ட முன்னாடி தாண்டிட்டான். ஆனா இவன் சிரிச்சுட்டே வர்றான். என்னடான்னா போன்ல டைமிங்க காட்டறான், "தாத்தா, என் வண்டிதான் ஃபாஸ்ட்டு, நான்தான் லேட்டு." எனக்குப் புரியல, உக்கார வச்சு சொல்லிக் குடுத்தான். பச்ச லைட்டு விழுந்ததுல இருந்து நீ கெளம்பற வரைக்கும் ஒரு கணக்காம், அது ஆளோட கணக்கு. முன்சக்கரம் ஸ்டார்ட்டிங் கோட்ட விட்டு நகந்ததுக்கப்புறம்தான் வண்டியோட கடிகாரமே ஓட ஆரம்பிக்குமாம். அப்போ லேட்டா கெளம்பினவன் வேகமான வண்டிய வச்சிருந்தும் தோக்கலாம். ரெண்டும் தனித்தனி!

அங்கயே எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா நான் துண்டப் பாத்ததே இல்ல மச்சான். நான் சோடாபுட்டி தோளப் பாத்தேன். தோள் எறங்கினதும் கிளட்ச விட்டுடுவேன். நீ துண்டு தரையத் தொடற வரைக்கும் நிப்ப, அதான பேசி வச்சது. அது ஏமாத்துன்னு அப்ப எனக்குத் தோணல, சாமர்த்தியம்னு நெனச்சேன்.

ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். கடைசில மணிக்கு 90 கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு செகண்டுல 25 மீட்டர் போவும். நான் உன்ன ஜெயிச்சதெல்லாம் ஒரு வண்டி நீளத்துல, அது ஒரு 2 மீட்டர் வரும். அப்ப வித்தியாசம் 0.08 செகண்ட். தோள் எறங்கி துண்டு தரையத் தொட அர செகண்டாவது ஆகாதா? நான் மொதல்லயே அவ்ளோ திருடிட்டு, கடைசில கையில மிச்சம் இருந்தது வெறும் 0.08. மீதி எல்லாத்தையும் நீ அந்த 400 மீட்டர்ல புடிச்சிருக்க! ஏழு தடவையும்!

புடிக்காம என்ன பண்ணும், ராத்திரியெல்லாம் சைலன்ஸர் குழாய அடுப்புல போட்டுக் கரிய எரிப்ப, எக்ஸாஸ்ட் போர்ட்டுல இருக்கற கரிய மரக்குச்சி வச்சு சுரண்டுவ, பின்னாடி ரெண்டு பல்லு கூட இருக்கற ஸ்ப்ராக்கெட்ட மாட்டி டாப் ஸ்பீடு போனா போவட்டும்னு பிக்கப்ப ஏத்தின. நான் பெட்ரோல் போட்டுத் தொடச்சுட்டு வந்தவன். அதே 98 சிசி, அதே 11 ஹார்ஸ்பவர், உன் கைல வேற வண்டியா இருந்துச்சு. இத அன்னிக்கே சொல்லியிருந்தா நீ அந்த மெக்கானிக் ஷெட்டு வைக்கற யோசனைய விட்டிருப்பியான்னு யோசிச்சுட்டே இருக்கேன், அதாண்டா தூக்கம் வரல. "எனக்கு வண்டி கை வராதுடா"ன்னு நீ அப்பா கடைல போய் உக்காந்த பாரு, அத நான் கேட்டுட்டு சும்மா இருந்தேன்.

நேத்து சோடாபுட்டிக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "எனக்கு அப்பவே தெரியும்டா, நீ என் துண்டப் பாக்க மாட்ட, என்னையத்தான் பாப்ப"ன்னான். ஏண்டா சொல்லலன்னு கேட்டேன், "அவன்தான் சொல்ல வேணாம்னான்"னு சொல்றான்.

உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சும் ஏழு தடவ துண்டு விழற வரைக்கும் நின்னியா?

போன எடு மச்சான். பின்கட்டுல கெடக்கற உன் வண்டிய யாருக்கும் குடுத்துடாத, அடுத்த மாசம் பையனோட நான் வர்றேன், கார்புரேட்டர் ஜெட் விஷயத்துல அவனுக்கு ஒன்னுமே புரியல, நீதான் காட்டணும்.

உன் மச்சான்