திருச்செங்கோட்டு அத்தைக்கு: எலிபண்டா தீவுக்குப் போகும் முன்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கங்க. கல்யாணத்துக்காக மும்பை போற நாலு நாளில் ஒரே ஒரு முற்பகல்தான் ஓய்வு, அதுக்குள்ளே எலிபண்டா குகைக்கோயிலைப் பார்த்துட்டு வந்துட முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியுங்க. ஆனால் அரை நாளை எதுக்குச் செலவழிக்கறதுன்னு இங்கேயே முடிவு பண்ணிட்டுப் போகணும். தீவில் ஏழு குகைகள் இருக்குது. ஐந்து சைவம், இரண்டு பௌத்தம். பௌத்தக் குகைகள் தனியா இன்னொரு குன்றில் இருக்குது, அதை விட்டுடுங்க. முதல் குகை ஒண்ணுக்கே ஒன்றரை மணி நேரம் வேணும்.

முதல்ல கிழமையைப் பாருங்க. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. ஞாயிறு வேண்டாம், உள்ளூர்க் கூட்டமே மண்டபத்தை நிறைச்சிடும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் அமைஞ்சால் நல்லது. மழைக்காலம்னா, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடல் கொந்தளிச்சால் படகை நிறுத்திடுவாங்க. காலையில் போட்டு வச்ச திட்டம் கரையிலேயே முடிஞ்சு போகலாம். கல்யாணம் தை, மாசியில்னா அந்தக் கவலை இல்லை.

குர்லா எக்ஸ்பிரஸில் ஈரோட்டில் ஏறினால் லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்குவீங்க. அங்கிருந்து திலக் நகர் நிலையம் பக்கம்தான். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை போய், அங்கே டாக்சி பிடிச்சால் கேட்வே ஆஃப் இந்தியா வந்துடும். படகு கிளம்புறது கேட்வேக்குப் பின்னாடி இருக்கிற படித்துறையில். காலை ஒன்பது மணி வாக்கில் முதல் படகு, அப்புறம் ஏறக்குறைய அரை மணிக்கு ஒண்ணு. உங்களுக்கு முதல் படகுதான். பதினொரு மணிக்கு மேலே போனால் வெய்யிலும் கூட்டமும் சேர்ந்து வரும்.

கைடு விஷயத்தில் கொஞ்சம் கவனமா இருக்கணும். கேட்வே வாசலில் டிக்கெட் விற்கிறவங்க "கைடோட சேர்த்து" என்பாங்க. சில சமயம் படகில் ஒலிபெருக்கியில் பத்து நிமிஷம் பேசுறதோடு அது முடிஞ்சிடும். அதனால் பணம் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்க. கைடு குகைக்குள்ளே வர்றாரா, படித்துறையோட நின்னுடுவாரா? எத்தனை நிமிஷம் உள்ளே இருப்பார்? தொகையில் படகுச் சீட்டும் நுழைவுச் சீட்டும் அடக்கமா? எந்த மொழியில் சொல்வார்? தமிழ் பேசுற கைடு கிடைக்கறது அரிது. இந்தி, மராத்தி, ஆங்கிலம்தான். கழுத்தில் சுற்றுலாத் துறை அடையாள அட்டை போட்டிருக்காரான்னும் பாருங்க. நாற்பது நிமிஷத்தில் முடிச்சுடறேன்னு சொல்றவரை வேண்டாம்னு சொல்லிடுங்க. தொகை எவ்வளவு, எத்தனை பேருக்குங்கறதை ஏறும் முன் பேசி முடிச்சுடுங்க.

படகுச் சீட்டு போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான். அதைத் தொலைச்சிடாமல் கூட வர்ற கவிதாவைப் பையில் வைக்கச் சொல்லுங்க. ஏறும்போது ஒரு சிக்கல் இருக்குது. படகுகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டியிருப்பாங்க. முதல் படகைத் தாண்டி அடுத்ததுக்குக் கால் வைக்க வேண்டி வரும், நடுவில் இடைவெளி ஆடும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, இரண்டு கையும் சும்மா இருக்கணும். படித்துறைப் படிகளில் கீழ் இரண்டு மூணு படி பாசி பிடிச்சு வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் அடி செருப்பு போடுங்க.

லைஃப் ஜாக்கெட் கொடுப்பாங்க. கொடுக்கலைன்னா கேட்டு வாங்கி, வாரை இறுக்கிக் கட்டிட்டு உட்காருங்க. வேர்க்குதுன்னு கழட்டி மடியில் வைக்கற பழக்கம் கூடாதுங்க அத்தை. 2024 டிசம்பர் 18 அன்னைக்கு இதே வழித்தடத்தில் ஒரு பயணிகள் படகின் மேல் விரைவுப் படகு மோதி உயிர்கள் போயிருக்கு. தண்ணியில் விழுந்த பிறகு அதைத் தேடி மாட்ட முடியாது. வயிறு புரட்டும்னு தோணினால் மேல் தளம் வேண்டாம், கீழ்த்தளத்தில் நடுவாக உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்க. காலையில் இட்லி இரண்டோட நிறுத்திக்குங்க. பயணம் சுமார் ஒரு மணி நேரம், பத்து கிலோமீட்டர் சொச்சம்.

தீவுக்குப் பேர் காராபுரி. போர்த்துகீசியர் வந்தப்போ கரையில் பெரிய கல் யானை ஒண்ணு நின்னுது, அதை வச்சு எலிபண்டான்னு பேர் போட்டாங்க. அந்த யானை இப்போ தீவில் இல்லை. 1864இல் இங்கிலாந்துக்கு ஏத்தப் பார்த்தப்போ பாரந்தூக்கி முறிஞ்சு துண்டு துண்டாப் போச்சு. ஒட்டிச் சேர்த்த யானை மும்பை பைகுல்லாவில் ஜிஜாமாதா தோட்டத்தில் நிற்குது. பேரன் தீவில் யானையைத் தேடுவான், முன்கூட்டியே சொல்லி வைங்க.

இறங்கினதும் நீளமான நடைமேடை. அதில் குட்டி ரயில் ஓடும், முட்டி வலிக்கு அதில் ஏறிடுங்க. அடிவாரத்தில் இருந்து சுமார் 120 படி. திருச்செங்கோட்டு மலையில் 1,200 படிக்கு மேல் ஏறின கால் உங்களுது, அதில் பத்தில் ஒரு பங்குதான் இது. ஆனால் நம்ம ஊர்க் காத்து வேற, அந்தக் கடல் புழுக்கம் வேற. வேர்த்துக் கொட்டும், நாற்பது படிக்கு ஒரு தடவை நில்லுங்க. முடியலைன்னா நாற்காலியில் தூக்கிட்டுப் போக டோலிக்காரங்க இருப்பாங்க. போக வர இரண்டுக்கும் சேர்த்துத் தொகை பேசிட்டுத்தான் உட்காரணும். படியின் இரண்டு பக்கமும் கடைகள். எதையும் ஏறும்போது வாங்காதீங்க, சுமைதான். குரங்குகள் கையில் தெரியற தண்ணி பாட்டிலையும் பழப் பையையும் பறிக்கும். எல்லாத்தையும் ஜிப் வச்ச துணிப்பைக்குள்ளே போட்டுடுங்க. நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயசுக்குக் கீழ் இலவசம். தீவுப் பஞ்சாயத்துக்கு ஒரு சின்னத் தொகை தனி. சில்லறையாக் கையில் வச்சுக்குங்க.

இனி குகை. வடக்கு வாசல் வழியா நுழைவீங்க. கைடு நேரா உள்ளே இழுத்துட்டுப் போகப் பார்ப்பார். வாசலிலேயே ஐந்து நிமிஷம் நில்லுங்க. வெளி வெய்யிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒண்ணும் தெரியாது. வடக்கு நோக்கின வாசல், அதனால் சூரியன் நேரா உள்ளே விழாது. கிழக்கு, மேற்கு முற்றங்களில் இருந்து வர்ற பக்க வெளிச்சம்தான். கண் பழகப் பழக, எதிரே சுமார் 130 அடி தூரத்தில், தூண்களுக்கு நடுவே, தெற்குச் சுவரில் மூணு முகம் மெல்ல மேலெழுந்து வரும். அந்த வரவை இழந்துடக் கூடாதுங்க.

அந்தச் சிலையைப் பத்திப் பெரும்பாலானவங்க "பிரம்மா, விஷ்ணு, சிவன்" என்பாங்க. கொடுமுடியில் மகுடேசுவரர், பிரம்மா, பெருமாள் மூணு பேரையும் ஒரே வளாகத்தில் கும்பிட்டுப் பழகின நமக்கு அது சட்டுன்னு மனசில் ஒட்டிக்கும். ஆனால் அது தப்பு. மூணு முகமும் சிவனுடையதுதான். சைவத்தில் சொல்ற ஐந்து முகம் கொண்ட சதாசிவர் அவர். நடுவில் கண் மூடி அமைதியா இருக்கிறது தத்புருடம். உங்களுக்கு இடப்பக்கம் மீசையும் பாம்பும் கபாலமுமா இருக்கிறது அகோரம், பைரவ முகம். வலப்பக்கம் தாமரை மொட்டோட, முத்துச் சரத்தோட பெண்மையா இருக்கிறது வாமதேவம், உமையின் சாயல். நாலாவது சத்யோசாதம் பாறைக்குள்ளே பின்பக்கம் இருக்கிறதாக் கொள்ளணும். ஐந்தாவது ஈசானம் மேல் நோக்கினது, அதைச் செதுக்கவில்லை. மார்பு வரைக்கும்தான் உருவம், அதுவே சுமார் 20 அடி. முதல்ல தூரத்தில் நின்னு பாருங்க, அப்புறம் இடப்பக்கம் போய் அகோரத்தை மட்டும், வலப்பக்கம் போய் வாமதேவத்தை மட்டும் பாருங்க. பக்கத்தில் போனால் நடு முகத்தின் தாடைதான் தெரியும்.

அதுக்கு இடப்பக்கத்து மாடத்தில் உங்க ஊர்ச் சாமி இருக்கார், அர்த்தநாரீசுவரர். இதுக்குக் கைடே வேண்டாம் உங்களுக்கு. திருச்செங்கோட்டில் அலங்காரத்துக்குள்ளே பார்க்கிற உருவம் இங்கே வெறுங்கல்லில், ஆளைப் போல இரண்டு மூணு மடங்கு உயரத்தில் நிற்கும். நம்ம சாமி தண்டம் பிடிச்சு நிற்பார், இங்கே சிவன் பாதியின் கை நந்தி மேல் சாய்ஞ்சிருக்கும். இடுப்பைப் பாருங்க. ஒரு பக்கம் நேர்க்கோடு, அடுத்த பக்கம் வளைவு. அந்த இரண்டும் ஒரே உடம்பில் இடறாமல் சேர்றதுதான் சிற்பியோட கைத்திறம். வலப்பக்கத்து மாடத்தில் கங்கையைச் சடையில் தாங்கற கங்காதரர், பக்கத்தில் உமை. மேலே மூணு தலையோட வர்ற பெண் உருவம் கங்கை, யமுனை, சரசுவதி சேர்ந்தது என்பாங்க.

மேற்குப் பக்கம் கல்யாணசுந்தரர். பார்வதி சிவனுக்கு வலப்பக்கம் நிற்கறாங்க, இன்னும் மனைவி ஆகலை, மணப்பெண். பின்னாடி அப்பா இமவான். நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் சடங்கு நடத்தி வைக்கற அருமைக்காரர் உட்கார்ற இடத்தில் இங்கே பிரம்மா தீ வளர்த்து உட்கார்ந்திருக்கார். கல்யாண வீட்டில் இருந்து வர்ற உங்களுக்கு இந்த மாடம் ரொம்பப் பிடிக்கும். பார்வதி தலை குனிஞ்சு நிற்கிற நாணத்தை மட்டும் தனியா ஒரு நிமிஷம் பாருங்க. இதுக்கு எதிரே அந்தகாசுரனைக் கொல்ற சிவன், பல் தெரிய, வாளோட. இடுப்புக்குக் கீழே உடைஞ்சு போச்சு.

நடுவே மேற்கா லிங்கக் கருவறை. நாலு பக்கமும் வாசல், ஒவ்வொண்ணுக்கும் இரண்டு துவாரபாலகர், ஆளுக்கு சுமார் 15 அடி. இது நமக்குப் புதுசு. நம்ம கோயில்ல ஒரே வாசல்தான். இங்கே எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் சாமி தெரியும். தினசரிப் பூசை இல்லை. தொல்லியல் துறைக் காப்பில் இருக்கிற இடம், கற்பூரம், எண்ணெய் விளக்கு எதுவும் ஏத்தக் கூடாது. ஒரு கும்பிடோட வந்துடுங்க.

கிழக்கு வாசல் பக்கம் ஒண்ணுக்கொண்ணு எதிரா இரண்டு கைலாய மாடம். ஒண்ணில் ராவணன் மலையைத் தூக்கறான், ரொம்பச் சிதைஞ்சது. திரும்பி வர்றப்போ வடக்கு வாசலில் நடராசரையும் எதிரே யோகத்தில் அமர்ந்த சிவனான யோகீசரையும் பாருங்க. கோவை பக்கத்துப் பேரூர்க் கோயில் கனகசபையைப் பார்த்த கண்ணோட நடராசரைத் தேடினால் ஏமாந்துடுவீங்க. தூக்கின இடக்கால், காலடியில் முயலகன், சுத்தி நெருப்பு வளையமான திருவாசி ஒண்ணும் கிடையாது. தில்லைக் கோலம், அதாவது சிதம்பரத்து நடராசர் வடிவம், நம்ம பக்கத்தில் நிலைபெறும் முன்னாடி, கிட்டத்தட்ட 6ஆம் நூற்றாண்டில் செதுக்கினது. எட்டுக் கையில் பலதும் போச்சு, ஆனால் உடம்பு சுழல்றது மட்டும் அப்படியே இருக்குது.

இவ்வளவு சிதைவு ஏன்னு பேரன் கேட்பான். போர்த்துகீசியர் காலத்தில் உடைஞ்சதுன்னு ஒரே வரியில் சொல்லிடுவாங்க. கல்லையும் சேர்த்துச் சொல்லணும். நாமக்கல் நரசிம்மர் குடைவரை நம்ம ஊர்க் கருங்கல்லில் வெட்டினது, உளிக்கு லேசில் மசியாது, அதனால்தான் அது சின்னது, ஆனால் வராகரும் திரிவிக்கிரமரும் இன்னும் கூர்மையா இருக்காங்க. எலிபண்டா கல் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா இறுகினது. அதில் விரிசல் அதிகம், மழைநீர் அந்த வழியாகக் கசிஞ்சு உள்ளே இருந்தே அரிக்கும், உப்புக் காத்தும் சேர்ந்துக்கும். தூண்களில் சிலது பின்னாளில் கட்டி நிறுத்தினது, நிறமும் உளித்தடமும் வேறயா இருக்கும், தொடாமலே கண்டுபிடிக்கலாம். சிலைகளைத் தடவக் கூடாதுன்னு பேரனுக்குச் சொல்லுங்க, கை எண்ணெய் கல்லில் தங்கிடும். செல்போனில் ஃபிளாஷை அணைச்சுடுங்க. ஃபிளாஷ் போட்டால் முகங்கள் தட்டையாத்தான் விழும், பக்க வெளிச்சத்தில் எடுத்தால்தான் குழிவு தெரியும்.

யார் கட்டினதுன்னு சொல்ற கல்வெட்டு இப்போ குகையில் இல்லை. தீவில் கிடைச்ச கலசூரி மன்னன் கிருஷ்ணராசன் காசுகளையும் சிற்ப அமைப்பையும் வச்சு, 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதின்னு பல அறிஞர்கள் கணிக்கறாங்க. கைடு பாண்டவர் ஒரே ராத்திரியில் வெட்டினதுன்னு சொன்னால் கேட்டுக்குங்க, வாதாட வேண்டாம். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முதல் படகில் போனால் பத்தரைக்குள் குகை வாசலில் இருப்பீங்க. பன்னிரண்டே காலுக்கு இறங்க ஆரம்பிங்க. நேரம் மிச்சமிருந்தால் மத்தக் குகைகளில் இரண்டாவது, மூணாவதை வெளியே நின்னு பார்த்துட்டு வந்துடலாம், பாதியில் நின்னதும் சிதைஞ்சதுமான வேலைகள்தான். ஒரு மணிப் படகைப் பிடிச்சால் இரண்டு மணி வாக்கில் கேட்வே. பொழுதோட மாப்பிள்ளை அழைப்புக்குக் குளிச்சுப் புடவை மாத்த நேரம் இருக்கும். கட்டுச்சோறு வேண்டாங்க, குரங்குக்குத்தான் போகும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணியும், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டிலும் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்