தெப்பக்குளத்துச் சுவர் ஏன் ஒட்டவில்லை

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் போன் வந்தபோது நான் சமணர் மலை உச்சியில் கேமராவும் கையுமாக நின்றிருந்தேன். அதனால்தான் ‘அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். சரி, சமாதானத்துக்கு இந்தக் கடிதம். விஷயமும் போனில் சொல்லித் தீராது.

1993-இல் வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஆறு படமாக எடுத்து, கட்டரும் கோந்துமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? மைய மண்டபம் எப்படியோ சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கைப்பிடிச் சுவர் மட்டும் ஒவ்வொரு ஒட்டிலும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. பிரிண்ட் போட்டவர் அளவை மாற்றிவிட்டார் என்று அவர் கடை வாசலில் போய்ச் சண்டை போட்டோம். பாவம் அந்த மனுஷன். தப்பு நம்முடையது. அது எனக்குப் புரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, தலையை இடமும் வலமும் நகர்த்திப் பார். விரல் பின்னாலிருக்கும் சன்னல் கம்பியைத் தாண்டித் தாண்டி ஓடும். அன்றைக்கு நடந்தது அதுதான். ‘ஒரு படத்துக்கு ரெண்டு எட்டு நகரு’ என்று நீ சொன்னாய், நானும் சுவரோரமாக நகர்ந்துகொண்டே எடுத்தேன். தூரத்து மண்டபத்துக்கு ரெண்டு எட்டு ஒரு பொருட்டில்லை. கையெட்டும் சுவருக்கு அது பெரிய தூரம். நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அதிலும் நாம் திரும்பி, கேமராவை நம்மைச் சுற்ற விடக் கூடாது. லென்ஸுக்குள் ஒளி புகுகிற துளை எங்கே தெரிகிறதோ, அதுவே அச்சாக இருக்கும்படி கேமராவைத் திருப்ப வேண்டும். வானம் பட்டை பட்டையாக வந்ததற்கும் காரணம் நாம்தான். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்கிற எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டிருந்தோம், அது படத்துக்குப் படம் மாறிவிட்டது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது, பல படங்களை ஒரே படமாக ஒட்டித் தரும் ஹகின் என்கிற மென்பொருள். காசே கிடையாது. ஜெர்மனியில் பேராசிரியராக இருந்த ஹெல்முட் டெர்ஷ் 1998-இல் எழுதிய பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருள்தான் இதற்கு அடித்தளம். பின்னால் பல பேர் சும்மாவே உழைத்து வளர்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. கண்ட்ரோல் பாயிண்ட் என்பார்கள். அந்த முடிச்சுகளெல்லாம் பொருந்தும்படி ஒவ்வொரு படத்தையும் திருப்பி, சாய்த்து, லென்ஸின் வளைவையும் நிமிர்த்திவிடுகிறது.

சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர்களைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறி, கேமராவை நெட்டுவாக்கில் ஸ்டாண்டில் மாட்டினேன். 100 எம்எம் லென்ஸ். வரிசைக்கு 29 படம், மூன்று வரிசை, ஆக 87. ஒவ்வொன்றும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்கு மேலே விழும்படி. இந்தத் தடவை எக்ஸ்போஷர், ஃபோகஸ், நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மாறாதபடி பூட்டிவிட்டேன். நாகமலையில் ஆரம்பித்து, ஊரைக் கடந்து, திருப்பரங்குன்றம் வரை.

ஹகின் போட்ட முதல் கணக்கில் சராசரிப் பிழை, அதாவது முடிச்சுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும் தூரம், நாற்பது பிக்சலுக்கு மேல்! இரண்டு மூன்றுக்குள் வந்தால்தான் நல்லது. ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே போனால், கண்மாய்க்கரையில் நின்ற இரண்டு பனைமரங்களை ஒரே மரம் என்று நினைத்து முடிந்து வைத்திருக்கிறது. நமக்கே பனைக்குப் பனை வித்தியாசம் தெரியாது, அதைக் குற்றம் சொல்வானேன். அதை அழித்தேன். நகர்ந்துபோன மேகத்தில் விழுந்த முடிச்சுகளையும் அழித்தேன். பிழை இரண்டுக்கு இறங்கியது.

படங்களைக் கலப்பதற்கு என்பிளெண்ட் என்று தனியாக ஒன்று. வானம் மாதிரி மெதுவாக நிறம் மாறும் இடத்தை அகலமாகக் கலக்கும், பாறை வெடிப்பை ஒடுங்கிய கீற்றில் சேர்க்கும். கோந்தில் நமக்குச் சாத்தியமே இல்லை.

ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கோப்பு இல்லை, பிழைச் செய்திதான். புத்திகெட்டுப்போய், படத்தைச் சேமிக்கும் கோப்பு வகையை ஜேபெக் என்று கொடுத்திருந்தேன். அது ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலுக்கு மேல் தாங்காது; என் படத்தின் அகலமோ 80,000. டிஃப் என்ற இன்னொரு வகைக்கு மாற்றி இன்னொரு ராத்திரி.

இப்போது நூறு கோடி பிக்சலுக்கு மேல். ஆனால் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் அதில் நூற்றைம்பது பிக்சல் உயரம் இருந்தால் அதிகம். அடிவாரத்தில் ஒரு கறுப்பு ஆடு மூன்று இடத்தில் மேய்கிறது, ஒரே ஆடு. ‘இந்த இடம் வேண்டாம்’ என்று மாஸ்க் வரைந்து இரண்டை எடுத்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். பழைய தெப்பக்குளப் பிரிண்டுகளை ஸ்கேன் செய்து அதே ஹகினில் போட்டேன். லென்ஸ் என்ன என்று கேட்டது, நம் 50 எம்எம்-ஐச் சொன்னேன். சுவரில் இருந்த முடிச்சையெல்லாம் நீக்கி, மண்டபத்திலும் எதிர்க்கரையிலும் மட்டும் வைத்தேன். குளம் அன்று காய்ந்து கிடந்ததும் நல்லதாகப் போயிற்று. ஒட்டு அந்தக் கட்டாந்தரை வழியாகவே போய் மறைந்துவிட்டது. கிரிக்கெட் ஆடிய பையன்களில் ஒருத்தன் இரண்டாவது படத்தில் பந்து போட்டு, மூன்றாவதில் அவனே ஓடிப் பிடிக்கிறான். சுவர் இன்னமும் உடைந்துதான் நிற்கிறது, அதற்கு மருந்தில்லை.

குறை ஒன்றுதான். நாலாவது பிரிண்டைக் கரையான் தின்றுவிட்டது. உன் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்குமே, அதே படம். நெகட்டிவ் உங்கள் அப்பாவின் தகரப்பெட்டியில்தான் இருக்க வேண்டும். கண்டால் துடைக்காதே, வெயிலில் வைக்காதே, உறையோடு அனுப்பு. தைத் தெப்பத்துக்கு நீயே கொண்டுவந்தாலும் சரி, மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் பழைய கூட்டாளி