சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்தை நம் கடற்கரையில் காட்டித் தந்த எல்லோருக்கும்

தேவனாம்பட்டினம், கடலூர்
2024 ஜூன்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜூன் 6 வியாழக்கிழமை சாயங்காலம், வலை பின்னும் கூடத்துக்கு முன்னால் திரை கட்டி, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த இந்தியா – குவைத் கால்பந்து ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி, ஓய்வு அறிவித்துவிட்டு நாட்டுக்காக ஆடிய விடைபெறும் ஆட்டம். அதற்குத் துணை நின்றவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தெருவில் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் நாலு பேர் படிக்கும்படி எழுதினால்தான் எனக்கு மனசு நிறையும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் தொழிலையும் தெருவையும் வைத்தே சொல்கிறேன். அவரவருக்குத் தன்னை அடையாளம் தெரியும்.

மே 16ஆம் தேதி சேத்ரி ஓய்வு அறிவித்து வீடியோ போட்டார். அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் செல்போனில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் அணியில் முன்னால் ஆடுகிற பெண் ஒருத்தி, "அவரு மொத்தம் எத்தனை கோல்க்கா அடிச்சிருக்காரு?" என்று கேட்டாள். 94 என்றேன். இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களில் நாட்டுக்காக அதைவிட அதிகம் அடித்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டும்தான் என்றும் சொன்னேன். அவள் போட்டிருந்தது மெஸ்ஸி சட்டை. "சும்மா சொல்லாதீங்கக்கா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. 19 வருஷமாக ஒரு மனிதர் நம் நாட்டுச் சட்டையில் கோல் அடித்துக்கொண்டிருக்கிறார். கால்பந்து ஆடுகிற பிள்ளைக்கே அது தெரியாத அளவில்தான் நாம் வைத்திருக்கிறோம். கடைசி ஆட்டத்தையாவது பிள்ளைகள் ஊரோடு உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் நன்றி, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஐயாவுக்கு. கால்பந்துச் செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் வெட்டி, பழைய டைரிகளில் ஒட்டி வைத்திருக்கிறார். நான் போய்க் கேட்டதும் பீரோவைத் திறந்து பை பையாக எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. சாயங்காலந்தோறும் பஸ் ஏறி வந்து, மணலில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஆட்டம் ஆட்டமாகக் கதை சொன்னார். 2005 ஜூன் 12, பாகிஸ்தானில் குவெட்டா. சேத்ரிக்கு 20 வயது. காலையில் பயிற்சியாளர் சுக்விந்தர் சிங் வந்து, இன்றைக்கு நீ ஆடுகிறாய் என்று சொன்னதும் ஜெர்சியை வாங்கி அதன்மேல் சென்ட் அடித்துக்கொண்டாராம். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை என்று ஓய்வு வீடியோவில் அவரே சொல்கிறார். அந்த ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். ஆட்டம் 1-1. ஐயா இதைச் சொன்ன மறுநாள் எங்கள் பயிற்சி மைதானமே பவுடரும் சென்டும் மணந்தது.

2008 ஆகஸ்ட் 13, டெல்லி அம்பேத்கர் மைதானம், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். இதை மட்டும் ஐயாவை இரண்டு முறை சொல்ல வைத்தார்கள். தஜிகிஸ்தானுக்கு எதிராக 4-1. அதில் மூன்று சேத்ரி அடித்தது. அந்த வெற்றியால்தான் 1984க்குப் பிறகு முதல்முறையாக இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனது. 2011இல் அங்கே போய் பஹ்ரைனிடம் 5-2 என்றும் தென் கொரியாவிடம் 4-1 என்றும் தோற்றோம். இரண்டிலும் சேத்ரி ஒரு கோல் அடித்திருக்கிறார். தோற்ற ஆட்டங்களையும் ஐயா விடாமல் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்கள ஆட்டக்காரருக்குப் பந்து வராத நாள்தான் அதிகம், அந்த நாளிலும் ஓட வேண்டும் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது, அந்தக் கதைகளில் ஏறியது.

கதை கேட்ட பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 94 கோலையும் ஒரே துணியில் வரைய வேண்டும் என்றார்கள். சுனாமி நகர் தையல் அக்கா பழைய வேட்டிகளைச் சேர்த்து நீளமாக ஒரு பதாகை தைத்துக் கொடுத்தார். பெயின்ட்? மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, படகுகள் எல்லாம் கரையேறிச் சாயம் பூசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படகுக்காரரும் டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கொடுத்தார்கள். நீலம், பச்சை, கொஞ்சம் மஞ்சள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பந்து, பந்துக்குக் கீழே எதிரணியின் பெயரும் வருஷமும். ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது நான்கு முறை: தஜிகிஸ்தான் 2008, வியட்நாம் 2010, சீன தைபே (தைவான் அணி) 2018, பாகிஸ்தான் 2023. அந்தப் பந்துகளுக்கு மட்டும் சிவப்பு. அன்றைக்கு வந்தவர்கள் அந்தப் பதாகையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்ததைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆயா ஒருவர், பேரன் வரைந்த பந்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்தல்காரர் வெள்ளைத் துணியும் சவுக்குக் கழியும் இலவசமாகக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டி முடித்தோம். ஐந்து மணிக்குக் கடற்காற்று ஏறியது. துணி வயிறு மாதிரி உப்புகிறது, அடுத்த நிமிஷம் உள்ளே குழிகிறது. படம் போட்டால் ஆள் அளவு மாறி மாறித் தெரியும். மைக் செட் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது கூடத்தில் வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர்கள் மூவர், யாரும் கூப்பிடாமல் எழுந்து வந்தார்கள். பேச்சே இல்லை. ஒரு பழைய நைலான் வலையை இழுத்து வந்து, துணிக்குப் பின்னால் கழிக்குக் கழி விறைப்பாகக் கட்டினார்கள். துணியின் ஓரத்தை ஒரு சாணுக்கு ஒரு முடிச்சாக வலைக் கண்ணோடு சேர்த்து முடிந்தார்கள். நடுவிலும் அங்கங்கே ஊசியால் ஒரு தையல். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் காற்று அடித்தது, துணி அசையவில்லை. அந்த மூவருக்கும் கால்பந்தில் பெரிய ஈடுபாடு கிடையாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்த்து வந்தார்கள். உங்கள் கைகளுக்கு என் வணக்கம்.

ஸ்போர்ட்ஸ்18 சேனலுக்குத் தனியாக வயர் இழுத்துக் கொடுத்த கேபிள் தம்பி, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டரோடு வந்து நின்ற ஐஸ் கம்பெனி அண்ணன், இடம் கொடுத்த ஊர்ப் பஞ்சாயத்தார், தேர்தல் முடிவு வந்து இரண்டே நாள் ஆன நெருக்கடியிலும் மறுக்காமல் அனுமதி தந்த காவல் துறையினர், பள்ளித் திறப்பு ஜூன் 10க்குத் தள்ளிப் போனதும் புரொஜெக்டரைக் கொடுத்து உதவிய ஆசிரியை, எல்லோருக்கும் நன்றி.

இனி, வந்தவர்களுக்கு. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக உங்களுக்காகத்தான்.

2018 ஜூன் 1ஆம் தேதி மும்பையில் சீன தைபேவை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். இணையத்தில் எங்களைத் திட்டுவதில் என்ன இருக்கிறது, மைதானத்துக்கு வந்து முகத்துக்கு நேராகத் திட்டுங்கள், ஆனால் வாருங்கள் என்று கை கூப்பாத குறையாகக் கேட்டார். மூன்று கோல் அடித்த அணித் தலைவர் பேசுகிற பேச்சா அது! ஜூன் 4, கென்யாவுக்கு எதிரான ஆட்டம், அவருக்கு நாட்டுக்காக 100ஆவது. டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. கொட்டுகிற மழையில் மக்கள் நின்று பார்த்தார்கள். 3-0, இரண்டு கோல் சேத்ரி. அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்திலும் கென்யாவை 2-0 என்று வென்றது. இரண்டும் அவர் அடித்ததே.

நம் பிள்ளைகள் ஆடும்போது பார்க்க ஆள் கிடையாது. மாவட்ட ஆட்டத்துக்கு அண்ணா மைதானம் போனாலும் மாற்று ஆட்டக்காரர்களும் நானும்தான் கைதட்டுவோம். அதனால்தான் வியாழக்கிழமை நீங்கள் வந்தது எனக்குப் பெரிது. கூடம் நிறைந்து, தரை நிறைந்து, கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளின் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள். சிங்காரத்தோப்பிலிருந்தும் சோனாங்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தடைக்காலம் இல்லாவிட்டால் பாதிப் பேர் கடலில் இருந்திருப்பீர்கள். வருமானம் இல்லாத 61 நாளில் கையில் இருந்த பத்தையும் இருபதையும் உண்டியலில் போட்டுவிட்டும் போனீர்கள்.

ஆட்டம் 0-0. வென்றே ஆக வேண்டிய ஆட்டம், வெல்ல முடியவில்லை. சேத்ரிக்கும் கோல் இல்லை. ஆனால் முதல் பாதியில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியப்பா, பந்தையே பார்க்காமல் 11ஆம் எண் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "பந்து பின்னாடி ஓட மாட்டேங்குறான் பாத்தியா? பந்து வர்ற எடத்துக்கு முந்திப் போயி நிக்கிறான்" என்றார். 39 வயதில், 170 சென்டிமீட்டர் உயரத்தில், தன்னைவிட ஓங்கிய தடுப்பாட்டக்காரர்களை அந்த மனிதர் இத்தனை வருஷம் எப்படித் தாண்டினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. என் பிள்ளைகளுக்கு இனி இதைத்தான் சொல்லப் போகிறேன், பெரியப்பா சொன்னது என்றே.

இடைவேளையில் பண்ருட்டியிலிருந்து அண்ணன் ஒருவர் கொண்டுவந்த பலாப்பழங்களை அறுத்தோம். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தாய்மார்கள் சுளை எடுத்து வாழையிலையில் வைத்துக்கொண்டே வர, பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் கல்லூரித் தங்கை ஒருத்தி மைக்கில் ஒரு செய்தி படித்தாள்: சேத்ரியின் அம்மா சுசீலாவும் அவரோடு இரட்டையாகப் பிறந்த சகோதரியும் நேபாளப் பெண்கள் அணிக்காகக் கால்பந்து ஆடியவர்கள். சுளை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "அம்மாவா? அம்மாவா ஆடுனது?" என்று கேட்டார். அவருடைய மகள் எங்கள் அணியில் ஆடுகிறாள். ஆட்டத்தைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று போன மாதம் சொல்லிவிட்டுப் போனவர். வெள்ளிக்கிழமை காலை அவரே மகளுக்கு ஷூ லேஸ் கட்டி விட்டார். அம்மா, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை.

அப்படியே கடலூர் பெண் இந்துமதி கதிரேசனைப் பற்றியும் தங்கை படித்தாள். 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றபோது அதில் ஒரு கோல் அவர் அடித்தது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசியப் பட்டம் எடுத்த அணியிலும் அவர் இருந்தார். நம் ஊர்ப் பெயர் சொன்னதும் நீங்கள் போட்ட சத்தம் சேத்ரிக்குப் போட்டதைவிடப் பெரிது. போடத்தான் வேண்டும்.

கடைசி விசில் ஊதியதும் சேத்ரி அழுதார். இரண்டு அணி வீரர்களும் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி அவரை அனுப்பி வைத்தார்கள். நீங்களும் எழுந்து நின்றீர்கள். யாரும் சொல்லவில்லை. 151 ஆட்டம் ஆடிய ஒருவருக்கு நம் கடற்கரையும் எழுந்து நின்றது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதிக் காட்ட முடியாது. மெஸ்ஸி சட்டைக்காரி என் முந்தானையில்தான் மூக்கைத் துடைத்தாள்.

உண்டியல் பணத்தில் டீ, சுண்டல் செலவு போக மீதிக்குப் பந்துகள் வாங்கியிருக்கிறோம். ரசீதும் கணக்கும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதாகையும் அங்கேயேதான் இருக்கிறது. பயிற்சி எப்போதும் போலச் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு. சும்மா வந்து நின்று பாருங்கள், திட்ட வேண்டுமென்றால் அதையும் முகத்துக்கு நேராகத் திட்டுங்கள்.

திரை கட்டித் தந்த பெரியவர்கள் மூவரும், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போவதற்குள் கோல் கம்பத்துக்கு வலை பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளவு கேட்டிருந்தீர்கள் ஐயா: அகலம் 24 அடி, உயரம் 8 அடி. பந்தின் விட்டம் 22 சென்டிமீட்டர். வலைக் கண் அதில் பாதி இருந்தால் போதும். நூல் செலவை நாங்கள் தருகிறோம் என்றால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் வந்து ஊசியில் நூல் கோத்துத் தருவார்கள்.

அன்புடன்,
உங்கள் கால்பந்து அக்கா