ஒன்பதாம் ஆண்டிலேயே அனுமதிக் கைநூலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் பெற்றோர் பல்கலைக்கழகம் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் முக்கியமான முடிவுகள் பாதி முடிந்துபோயிருக்கும். பத்தாம் ஆண்டுக்குப் போகும்போது கட்டாயப் பாடங்களோடு, விருப்பத்துக்கு எடுக்கிற மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும், அங்கேயே இது தொடங்கிவிடுகிறது. அந்தப் படிவத்தை எப்படி நிரப்புகிறோம்? சிநேகிதி எடுத்த பாடம், அல்லது எதில் லேசாக ஏ எடுக்கலாம் என்று யாரோ சொன்ன பாடம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் தமிழிலும் இருக்கிறது. மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு பேருமாக இருந்து அதைப் புரட்டினோம். எந்தக் கற்கைநெறிக்கு உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் வேண்டும், சிலவற்றுக்குச் சாதாரண தரத்தில் என்ன சித்தி கேட்கிறார்கள் என்று எல்லாம் விபரமாக இருக்கிறது. பிறகு, ஒவ்வொரு படிப்புக்கும் மாவட்டவாரியாக அனுமதி கிடைத்த கடைசிப் புள்ளியைக் காட்டும் வெட்டுப்புள்ளி அட்டவணையில் யாழ்ப்பாணத்துக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு போனாள், "அம்மா, இவ்வளவு படிப்பு இருக்கா?" என்று கேட்டாள். டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு சொல்லை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது, கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது.

கொழும்பில் இருக்கும் மச்சாளின் மகன் எடுத்த இசட் புள்ளியை, அதாவது அனுமதிக்குக் கணக்கெடுக்கும் உயர்தரப் புள்ளியை, வைத்து இங்கே கணக்குப் பார்ப்பதும் சரிவராது. கலைப்பிரிவுக்கு மாவட்டம் பாராமல் அகில இலங்கைத் திறமை அடிப்படைதான், ஆனால் மற்றப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றில் 40 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போகிறது. அதனால்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறுகிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஆங்கிலம். தமிழில் உயிரியல் படித்து நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, மருத்துவ பீடத்தில் முதல் வாரமே ஆங்கில விரிவுரைக்கு முன்னால் இருக்க வேண்டும், பொறியியலும் விஞ்ஞானமும் அப்படித்தான், கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் அது இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் யாரும் கணக்கெடுப்பதில்லை. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பிள்ளை தமிழில் படித்த பாடத்தையே, அன்றன்றைக்கு அரை மணித்தியாலம் ஆங்கிலப் புத்தகத்தில் வாசிக்கட்டும்.

அதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். விடிய ஐந்தரைக்கு ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்ப ரியூசன், சிலருக்கு ஒரே பாடத்துக்கு இரண்டு இடம். தானாக இருந்து ஒரு கடந்தகால வினாத்தாளைச் செய்து பார்க்கக் கூட அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை. அந்த இரண்டில் ஒன்றையாவது நிற்பாட்டுங்கள், பெற்றோரே.

பாடசாலை அதிபர்களிடம் ஒரு கோரிக்கை. ஒன்பதாம் ஆண்டுப் பெற்றோரைக் கூப்பிட்டு, கைநூலை வைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். மொறட்டுவையில் கட்டடக்கலை, இங்கே இசை, நடனம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் திகதி தெரியாமலே பிள்ளைகள் வாய்ப்பை இழக்கிறார்கள். அறிவித்தல் வந்ததும் முன்பக்கத்தில் போடுங்கள்.

ஒரு தாய்,
கோண்டாவில்.