வக்கீல் செலவைக் கணக்குப் போடுவது பற்றி, மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

விவாகரத்துக்கு வக்கீல் செலவு எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டாய். பிரிவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை நீயும் உன் மனைவியும் பேசி முடித்துவிட்டீர்கள். வக்கீல் அலுவலகத்தில் கணக்கெழுதியே ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் செலவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் வக்கீலைவிட உங்கள் இருவர் கையில்தான் அதிகம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் மனு எழுதும் கூலி, நீதிமன்றக் கட்டணம், சான்றொப்பம், நகல்கள், அவ்வளவுதான். இதற்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளும் வக்கீல்கள் உண்டு. ஒரு விஷயத்தில் பிணக்கு வந்தாலும் கணக்கு மாறிவிடும். வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வேண்டும், ஓய்வூதியத்தைப் பிரிக்க நிபுணர் வேண்டும், இடைக்கால ஜீவனாம்சத்துக்குத் தனி மனு, அதற்கு எதிர்மனு, அப்புறம் வாய்தா. வாய்தா கேட்டது எதிர்த்தரப்பாக இருந்தாலும், அன்று உன் வக்கீல் வந்து நின்றதற்கு நீதான் பணம் தரவேண்டியிருக்கும். பாப்பா யாரிடம் இருப்பது என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொண்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பணத்தையும் மனசையும் அதிகம் தின்பது அந்த வழக்குதான்.

ஒரு தாளை எடுத்து, இன்னும் ஒத்துவராதவற்றை மட்டும் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஜெயித்தால் என்ன கிடைக்கும், அதற்காக வழக்காட எவ்வளவு ஆகும் என்று குறி. தேய்ந்துபோன சோபா யாருக்கு என்று இரண்டு தரப்பும் எழுதிக்கொண்ட கடிதங்களை நான் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அந்தக் கடிதங்களுக்குப் போட்ட பில்லில் புது சோபாவே வந்திருக்கும்.

“மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் நல்ல வக்கீல் யாரும் அடித்துச் சொல்லமாட்டார். “இந்த மனு விசாரணைவரை போனால் எவ்வளவு, நடுவில் சமரசம் ஆனால் எவ்வளவு?” என்று கேள், சொல்வார். இரண்டையும் எழுதிக்கொண்டு, பெரிய தொகையை வைத்தே திட்டமிடு. அவள் வக்கீலுக்கு ஆகும் செலவையும் கூடவே சேர். இரண்டு பேரும் ஒரே பானையில்தான் அகப்பை போடுகிறீர்கள். பங்கு பிரிப்பது அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான்.

மணிக்கணக்கில் கட்டணம் என்றால், நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேட்டுவிடு. பல இடங்களில் 6 நிமிடம் ஒரு அலகு. இரண்டு நிமிடம் பேசினாலும் பில்லில் 6 நிமிடம் விழும். மனசு சரியில்லை என்று வக்கீலைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு, நான் பில் போடமாட்டேன். கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே மின்னஞ்சலில் அனுப்பு. வங்கிக் கணக்கு, கடன், வரி ஆவணங்களை வருடவாரியாக அடுக்கிக் கொடு. பையோடு கொட்டினால், அடுக்குகிற நேரத்துக்கும் நீதான் கட்டவேண்டும்.

முன்பணத்தில் மிஞ்சினால் திரும்ப வருமா என்பது எழுத்தில் இருக்கட்டும். ஜெயித்தால் சதவீதம் தா என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. விவாகரத்து வழக்கில் பல நாடுகள் அதை அனுமதிப்பதில்லை.

ஒரே மத்தியஸ்தரிடம் போய்க் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் என் பார்வையில் முதலில் பார்க்கவேண்டிய வழி. இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வழக்கறிஞர் 1990-இல் தொடங்கிவைத்தது. இரு தரப்பு வக்கீல்களும் நீதிமன்றம் போவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். நல்ல முறைதான், ஆனால் பேச்சு முறிந்தால் இரண்டு வக்கீலும் விலகவேண்டும். புது வக்கீலோடு முதலிலிருந்து ஆரம்பிக்கும் செலவையும் அதில் சேர்த்துப் பார்.

தீர்ப்போடு செலவு நின்றுவிடும் என்று நினைக்காதே. வீட்டுப் பெயர் மாற்றம், பதிவுக் கட்டணம், கடனை ஒருவர் பெயருக்கு மாற்றுவது, உயிலைத் திருத்துவது எல்லாம் அப்புறம்தான் வரும். யாராவது மேல்முறையீடு போனால் அது தனிக் கணக்கு.

தாளை எழுதியதும் படம் பிடித்து அனுப்பு. கூட்டலை நான் சரிபார்க்கிறேன். அவளுக்கும் ஒரு நகல் கொடு, மறைக்கிற கணக்கு இதில் எதுவும் இல்லை.

அன்புடன்,
அம்மா