கழித்துப் பாருங்கள், வளைவு தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இதே வேகத்தில் போனால்' என்று தொடங்கும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் பேனாவைத் தேடுகிறேன். நோய்த்தொற்றோ மக்கள்தொகையோ, முதல் சில நாள் கணக்கை வைத்து இரட்டித்துக்கொண்டே போய் மலைக்க வைக்கும் ஓர் எண்ணில் நிறுத்துகிறார்கள். எதுவும் முடிவில்லாமல் இரட்டிக்காது. வளர வளர இடமும் உணவும் குறையும். இதை 1838-லேயே பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் சமன்பாட்டில் வைத்துவிட்டார்: வளர்ச்சி வேகத்தை, உச்ச அளவில் இன்னும் மிச்சமிருக்கும் பங்கால் பெருக்க வேண்டும். இதுதான் லாஜிஸ்டிக் வளர்ச்சி.

வகுப்பில் நான் 1913-ல் கார்ல்சன் என்ற ஆய்வாளர் மணிக்கு மணி அளந்த ஈஸ்ட் (மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். தொடக்கத்தில் 9.6. ஏழாம் மணியில் 257.3, எட்டில் 350.7, ஒன்பதில் 441, பத்தில் 513.3. அடுத்தடுத்த எண்களைக் கழிக்கச் சொல்வேன். 93.4, 90.3, 72.3 என்று வரும். மொத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, கூடுதல் மட்டும் இறங்குகிறது! பதினெட்டாம் மணியில் 661.8; அதற்குமேல் ஏறக்குறைய நின்றுவிடும். அதிவேகம் இருந்தது உச்சத்தின் சரிபாதியை ஒட்டித்தான்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பாதி வர்றதுக்கு முன்னாடியே உச்சம் எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. உறுதியாகத் தெரியாது. தொடக்கத்தில் இந்த வளைவும் இரட்டிப்பு வளைவும் ஒன்றுபோலவே இருக்கும். வெர்ஹுல்ஸ்டே 1845-ல் பெல்ஜிய மக்கள்தொகையின் உச்சம் 66 லட்சம் என்றார், 1847-ல் 94 லட்சம் என்று மாற்றினார். இன்று அங்கே 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். சமன்பாடு பொய்யில்லை, உச்சம் என்பது நாம் கொடுக்கும் ஊகம்.

தேய்விலும் இதே குழப்பம். கதிரியக்கத் தேய்வில் முதல் நொடியில்தான் இழப்பு அதிகம். லாஜிஸ்டிக் தேய்வு அப்படியல்ல. ஒரு வதந்தி இன்னும் எட்டாதவர்களை எண்ணிப் பாருங்கள்: முதலில் மெல்லக் குறைவார்கள், நடுவில் மடமடவென்று, கடைசியில் மறுபடி மெல்ல. அந்த முதல் மந்தத்தைப் பார்த்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிவிடுகிறோம்.

ஆகவே, மொத்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அன்றன்றைய கூடுதலையும் அச்சிடுங்கள். கணிப்பு போட்டால், எந்த உச்சத்தை வைத்துக்கொண்டு கணித்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்